உள்ளங்கை தேய்த்த இடம்



இந்த இதழின் பக்கங்களைக் கோத்தெடுக்கும் எங்கள் அலுவலக லேப்டொப்பில் இடது கைப்பக்கத்தில் நிறம் போய்விட்டது. வெள்ளிநிறப் பூச்சு உரிந்து, அடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் ஒரு வெற்றிலை அகலத்துக்கு வெளியே தெரிகிறது. தட்டச்சுச் செய்யும்போது உள்ளங்கை ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம் அது. மூடியின் மூலைகளுக்கும் அதே கதிதான். உள்ளே குறையொன்றும் இல்லை. திரை தெளிவாக இருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகிய விரல்களுக்கும் யுனிகோடுக்கு மாறிவிட்ட விரல்களுக்கும் விசைகள் ஒன்றுபோல ஈடுகொடுக்கின்றன. தோல் மட்டும்தான் போயிருக்கிறது. புதிதாகப் பூச்சுக் கொடுத்துத் தொடர்ந்து பாவிப்பது என்று முடிவெடுத்து விசாரிக்கத் தொடங்கினோம். இந்தச் சின்ன வேலைக்கு வேண்டிய கைத்திறன் முழுவதும் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியே இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. நாம் அதை லேப்டொப்பின் பக்கம் திருப்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இந்த மாதம் உங்களோடு அதைப் பற்றிப் பேச ஆசை.

நம் மாவட்டத்து வீடுகளில் இருக்கும் லேப்டொப்களில் பல, கடையிலிருந்து நேரே வந்தவை அல்ல. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சித்தப்பா விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தவை. பல்கலைக்கழகம் முடித்த அக்கா தங்கைக்கு விட்டுப்போனவை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவரை ஏறியபோது, புதியதொன்று வாங்கும் எண்ணத்தைப் பல குடும்பங்கள் அப்படியே மடித்து வைத்துவிட்டன. அன்றிலிருந்து ஒரு பொருளை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவது எப்படி என்ற கணக்கு எல்லா வீட்டிலும் நடக்கிறது. லேப்டொப்பும் அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது.

தோல் தேய்ந்தால் என்ன, வேலை செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பதில் சொல்லத் தொடங்கும் இடம், உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையின் மேசை. ரியூசனுக்கு எடுத்துப்போனால் வகுப்பில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று கூசி, நல்ல மெஷினை வீட்டில் விட்டுப்போகும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தக் கூச்சத்தைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனமில்லை. மற்றது, உலகம் முழுக்க 2022இல் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் கால்வாசிக்கும் குறைவு. ஒரு லேப்டொப் தன் ஆயுளில் சுற்றாடலுக்குத் தரும் சுமையின் பெரும்பகுதி, அது தொழிற்சாலையில் செய்யப்படும்போதே ஏற்பட்டுவிடுகிறது. வெளித்தோற்றத்துக்காக ஒன்றை ஒதுக்குவது மிக விலையான காரியம்.

தேய்மானத்தில் இரண்டு வகை உண்டு. முதலாவது, எங்கள் மெஷினுக்கு வந்தது. பல லேப்டொப்களில் வெள்ளிநிறமாகத் தெரியும் உடம்பு உலோகம் அல்ல, பிளாஸ்டிக்கின் மேல் விசிறிய மிக மெல்லிய பூச்சு. நம் ஊர் வெக்கையில் கை வியர்த்துக்கொண்டே இருக்கும். வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெயும் பூச்சை மெதுவாக இளக்க, காப்பும் கைக்கடிகாரப் பட்டியும் அதைச் சுரண்டி முடித்துவிடும். இரண்டாவது வகை இன்னும் தொல்லையானது. தொட்டால் மெத்தென்று இருக்கவேண்டும் என்று சில மொடல்களுக்கு இறப்பர் போன்ற பொலியூரித்தேன் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். காற்றின் ஈரம் அந்தப் பூச்சின் இரசாயனப் பிணைப்புகளை வருடக்கணக்கில் உடைத்து, கடைசியில் பிசுபிசுவென்று கையில் ஒட்ட வைத்துவிடும். அலுமாரிக்குள் பத்திரமாக வைத்ததுகூட இப்படி ஆகும். கடற்கரையோர வீடுகளில் இது விரைவாக நடப்பதில் ஆச்சரியமில்லை. ஒட்டத் தொடங்கிய பூச்சைக் காப்பாற்ற முடியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துப் பொறுமையாகத் துடைத்தால் கறுப்புக் களியாகக் கழன்று வரும். அதற்குத் தின்னரோ நகப்பூச்சு அகற்றும் அசிற்றோனோ வேண்டவே வேண்டாம். அவை பூச்சோடு பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

இனி அந்தக் கைத்திறனுக்கு வருகிறேன். திருக்கடலூர்ப் பக்கம் கரையில் ஏற்றி வைத்த பைபர் வள்ளத்துக்குப் பெயின்ட் அடிப்பதை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தூரிகையைக் கையில் எடுப்பது வேலையின் கடைசிப் பங்கு. அதற்கு முன் சுரண்டுவார்கள், நல்ல தண்ணீரில் கழுவுவார்கள், காயவிடுவார்கள், தேய்ப்பார்கள், திரும்பவும் கழுவுவார்கள். உப்பு ஒரு துளி உள்ளே அகப்பட்டால் அது ஈரத்தை இழுத்துப் பூச்சைக் கொப்புளமாகக் கிளப்பிவிடும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பிரித்தானியரின் டொக்யார்ட் 1957 ஒக்டோபரில் இலங்கையிடம் கையளிக்கப்படும்வரை, கப்பலின் துருவைச் சுரண்டுவதும் பூசுவதும் இந்த ஊரில் பலருக்குச் சோறு போட்ட தொழில். பிற்பாடு அந்த வித்தை கராஜ்களுக்குப் போனது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஓட்டோவையும் வானையும் புதுக்கோலத்தில் வைத்திருந்தவர்கள் நம் கராஜ் பெயின்டர்கள். ஓட்டோவின் பிளாஸ்டிக் பாகத்துக்கு நிறம் கொடுக்கத் தெரிந்தவருக்கு லேப்டொப் மூடி ஒரு பெரிய காரியமே இல்லை.

ஆனால் கராஜில் கொண்டுபோய்க் கொடுக்குமுன் வீட்டில் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன. பூச்சு நிற்பதும் உரிவதும் அவற்றில்தான் தங்கியிருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கழற்றுதல். சார்ஜரைப் பிடுங்கி, பற்றரியை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே பொருத்திய பற்றரி என்றால் அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்ற வேண்டும். ஸ்குரூக்கள் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும், ஆனால் நீளம் வேறு வேறு. குட்டை ஸ்குரூவின் குழிக்குள் நீளமானதை முறுக்கினால் அது மேற்பக்கத்தைக் குத்திக்கொண்டு வரும், அல்லது போர்டைச் சேதப்படுத்தும். ஒரு காட்போட் மட்டையில் மெஷினின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்குரூ எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே குத்தி வைப்பது நல்ல வழி. சில ஸ்குரூக்கள் இறப்பர்க் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். விளிம்புக் கொக்கிகளை நெம்ப இரும்பு வேண்டாம், பழைய வங்கி அட்டை ஒன்று போதும். விசைப்பலகைக்கும் தொடுபலகைக்கும் போகும் நாடாக் கேபிள்களைப் பூட்டுத் திறந்துதான் எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இதுவெல்லாம் கை நடுங்கும் வேலையாகத் தோன்றினால் ரிப்பேர் கடையில் கழற்றித் தரச் சொல்லுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை.

கழற்றிய பிளாஸ்டிக்கைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். ஒரு மூலையில் ஏபிஎஸ் என்றோ பிசி பிளஸ் ஏபிஎஸ் என்றோ ஆங்கிலத்தில் சின்னதாக வார்த்திருப்பார்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் லேப்டொப் உடம்பு இந்த இரண்டில் ஒன்று. இரண்டுமே பூச்சை நன்றாகப் பிடிக்கும். அதே உட்பக்கத்தில் சாம்பலாக அல்லது செம்பு நிறமாக இன்னொரு பூச்சோ வெள்ளித் தகடோ இருந்தால் அதைத் தொடாதீர்கள். அது அழகுக்கு வைத்ததல்ல, மின்காந்த இடையூற்றைத் தடுக்கும் கவசம். தேய்ப்பதும் பூசுவதும் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

அடுத்தது கழுவுதல். பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், பழைய பல் தூரிகை ஒன்று. விளிம்புகளிலும் எழுத்துப் பள்ளங்களிலும் வருடக்கணக்கான எண்ணெய் இருக்கும். அது போகாவிட்டால் பூச்சு அந்த இடத்தில் ஒதுங்கி வட்ட வட்டக் குழியாக நிற்கும். கடற்கரையை அண்டிய வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உவராக இருக்கும், அதில் அலசினால் உப்பை நாமே திரும்பவும் ஏற்றுவதாகிவிடும். கந்தளாய்க் குளத்திலிருந்து நகரத்துக்கு வரும் குழாய்த் தண்ணீரில் கடைசி அலசலைச் செய்யுங்கள்.

பிறகு தேய்த்தல். ஹாட்வெயார் கடையில் வோட்டர் பேப்பர் என்று கேட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாளைத் தருவார்கள். 400இல் தொடங்கி 600, 800 என்று மெல்லியதாகப் போக வேண்டும். எங்கள் மெஷினில் நான் அதிகம் கவனித்த இடம், பழைய பூச்சு முடிந்து வெறும் பிளாஸ்டிக் தொடங்கும் எல்லைக்கோடு. கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் ஒரு சின்னப் படி தட்டுப்படும். அந்தப் படி இருக்கும்வரை எந்த நிறம் பூசினாலும் அடியிலிருந்து அது கோடாகத் தெரியும். விரல் தடையில்லாமல் வழுக்கிப் போகும்வரை தேய்க்கத்தான் வேண்டும். பழுதாகிப்போன ஒரு மூடியில் இதைப் பழகிவிட்டு நல்லதில் கைவையுங்கள் என்று சொல்வேன். ரிப்பேர் கடைகளில் கேட்டால் அப்படியொன்று கிடைக்கும்.

தேய்த்து முடிந்தால் பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமர் மெல்லியதாக ஒரு தரம், அது காய்ந்தபின் நிறம். ஸ்பிரே டின்னை இரண்டு நிமிடமாவது நன்றாகக் குலுக்கிவிட்டு, ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடித்து, பொருளுக்கு வெளியே அமுக்கத் தொடங்கி, குறுக்காகக் கடந்து, வெளியே போய் விட வேண்டும். முதல் பூச்சில் அடி மறையவே கூடாது. மறைக்க ஆசைப்பட்டு நிறைய விசிறினால் வழிந்துவிடும். கால் மணி நேரம் இடைவெளி விட்டு இரண்டாவது, தேவையென்றால் மூன்றாவது. காற்றுத் துவாரங்களும் கீலும் அடியில் உள்ள இலக்கத் துண்டும் மாஸ்கிங் டேப்புக்கு அடியில் இருக்கட்டும்.

இந்த வேலைக்கு நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கம் பார்த்து அல்ல, காற்றைப் பார்த்து. வாடைக்காலத்தில் பூசினால், தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிந்து, பளிச்சென்று இருக்கவேண்டிய பூச்சு வெள்ளையாக மங்கிப்போகும். கப்பலுக்குப் பூசுகிறவர்களுக்கு இதற்கு ஒரு பொதுவிதி உண்டு: காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டினால் பூசுவதில்லை, பூசும் பரப்பின் வெப்பநிலை பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்கவேண்டும். கச்சான் காற்று எழுந்துவிட்டாலோ ஈரம் பிரச்சினையில்லை, புழுதி பிரச்சினை. ஒரு மணல் துகள் வந்து ஒட்டினால் முதலிலிருந்து தேய்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாசியும் பங்குனியும் நமக்கு வாய்த்த மாதங்கள். காலையில் வெயில் ஏறி இரவு ஈரத்தை உலர்த்திய பின், கடற்காற்று வலுக்குமுன் ஒன்பது பத்து மணியளவில் பூசுவது உத்தமம். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் பூச்சு உள்ளே இறுகுவதற்கு ஒரு கிழமையாவது எடுக்கும். அதற்குள் அவசரப்பட்டு மூடியை மூடினால், திரையைச் சுற்றியுள்ள இறப்பர்ப் பொட்டுகள் புதுப்பூச்சில் பதிந்துவிடும்.

என்ன நிறம் என்று யோசித்தபோது இன்னொரு விஷயம் அகப்பட்டது. மறைக்கவேண்டியது கறுப்புப் பிளாஸ்டிக். அதன் மேல் மெல்லிய இரண்டு பூச்சிலேயே அடி தெரியாமல் மறைக்கும் வல்லமை, வெள்ளையும் வெளிர்சாம்பலும் தரும் டைட்டானியம் டைஒக்சைட்டுக்கு இருக்கிறது. வைரத்தைவிடவும் அதிகமாக ஒளியை வளைக்கக்கூடிய பொருள் அது. அதனால்தான் அவ்வளவு மெல்லிய படலம்கூடப் பின்னால் இருப்பதை மறைத்துவிடுகிறது. அது எதிலிருந்து வருகிறது என்று பார்த்தால் இல்மனைட், ரூட்டைல் என்ற கனியங்களிலிருந்து. அந்தக் கனியங்கள் எங்கே கிடக்கின்றன? நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போனால், நம் மாவட்டத்துப் புல்மோட்டைக் கடற்கரையில். கையில் அள்ளினால் கறுத்து, சாதாரண மணலைவிடப் பாரமாக இருக்கும் அந்த மணலில் பெரும்பகுதி இல்மனைட். அதை அகழ்வதற்கென்றே 1957இல் அரசு ஒரு கூட்டுத்தாபனம் அமைத்தது. அவ்வளவு வெண்மையான நிறப்பொருளுக்கு மூலம் இந்தக் கறுப்பு மணல். முன்பெல்லாம் வெள்ளைப் பெயின்ட் என்றால் ஈயம் கலந்தது, பூசுகிறவரின் உடம்பைக் கெடுத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் நோர்வேயிலும் அமெரிக்காவிலும் டைட்டானிய வெள்ளையைத் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஈய வெள்ளை மெல்ல மெல்ல ஒதுங்கியது. புல்மோட்டை மணல் கப்பலேறிப் போய், நிறப்பொருளாகி, டின்னில் அடைபட்டுத் திரும்ப நமக்கே விலைக்கு வருகிறது. அந்தப் பெறுமதியில் கொஞ்சத்தையாவது இங்கேயே வைத்துக்கொள்ளும் ஒரு தொழில் புல்மோட்டையிலோ சீனக்குடாவிலோ எழவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

எங்கள் மெஷினுக்கு வெளிர்சாம்பல் என்று தீர்மானமாயிற்று. பழைய வெள்ளிநிறத்தையே திரும்பப் பூசாததற்குக் காரணம் உண்டு. வெள்ளிநிறப் பெயின்ட்டில் அலுமினியத் தூள் இருக்கும். வைஃபை அன்டனாக்கள் பெரும்பாலும் திரையைச் சுற்றி மூடிக்குள்தான் இருக்கின்றன. உலோகத்தூள் அதிகம் கலந்ததைத் தடிப்பாகப் பூசினால் சிக்னல் குறையக்கூடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். கைப்பக்கத்துக்கு மேலே கடினமான தெளிபூச்சு ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் உள்ளங்கை அதையும் தேய்த்துவிடும். கராஜில் வாகனங்களுக்குப் பூசும், ஹாட்னர் கலந்த தெளிபூச்சு இதற்கு நன்றாக நிற்கும். ஆனால் அந்த ஹாட்னரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். துணி மாஸ்க்கும் கொவிட் காலத்து நீல மாஸ்க்கும் இதற்குக் காவல் அல்ல. ஆகவே அந்தப் பூச்சைப் படுக்கையறையிலோ பிள்ளைகள் நிற்கும் முற்றத்திலோ வைத்து அடிக்காதீர்கள், தகுந்த முகக்கவசம் உள்ள பெயின்டரிடம் கொடுங்கள். பெயின்டர் தம்பிமாருக்கும் ஒரு வேண்டுகோள்: முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு இதை அடிப்பதை நம் ஊர்க் கராஜ்களில் இன்னும் பார்க்கிறேன். உங்கள் நெஞ்சு எங்கள் மூடியைவிடப் பெரிது.

இவ்வளவும் உள்ளே நலமாக இருக்கும் மெஷினுக்குத்தான். திறந்த கையோடு மின்விசிறியின் தூசைத் தட்டுங்கள். சுழலும் ஹாட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுவது பூச்சைவிட முதலில் செய்யவேண்டிய செலவு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 11 ஏறாத பழைய மெஷின்களில் லினக்ஸ் நன்றாக ஓடும், தமிழும் அதில் சரளமாக அடிக்கலாம். எழுத்தழிந்த விசைகளுக்கு மட்டும் பெயின்ட் வேண்டாம், அது விரல் தேய்ப்புக்கு நிற்காது. தமிழ் எழுத்துள்ள ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதை வாங்கும்போது இலங்கைத் தரமான ரெங்கநாதன் அமைப்பா, வேறு அமைப்பா என்று பார்த்து வாங்குங்கள். பூசிய மெஷினை விற்பதென்றால் பூசியது என்று சொல்லி விற்க வேண்டும். வாங்குகிறவரும் நம் ஊர்ப் பிள்ளைதான்.

எங்கள் லேப்டொப்பின் மேற்பாகம் இப்போது அலுவலக யன்னலோரம் பிரைமரோடு காய்ந்துகொண்டிருக்கிறது. இந்தப் பக்கத்தை இரவல் மெஷின் ஒன்றில் அடிக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது இதைச் செய்து பார்த்திருந்தால் எழுதியனுப்புங்கள்: எந்த மாதத்தில் பூசினீர்கள், தெளிபூச்சு எது, கைப்பக்கம் எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது, என்ன செலவு வந்தது. வள்ளத்துக்குப் பூசுகிறவர்களிடமிருந்தும் கராஜ் பெயின்டர்களிடமிருந்தும் வரும் கடிதங்களுக்கு முதலிடம் கொடுப்போம். எழுத நேரமில்லையென்றால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள், கையெழுத்துப் பிரதியே போதும். அடுத்த இதழில் நடுப்பக்கம் இரண்டையும் உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்